நக்கோ அங்கிள்

இஃப்ரா முதலாம் ஆண்டில் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். சின்னப் பொய். ஆனால் பொய்க்கும் வேளா வேளைக்குச் சோறு போட வேண்டியிருக்கிறதே! போட்டுப் போட்டு, நான்காம் ஆண்டு வருவதற்குள் அது அவளைவிட உயரமாக வளர்ந்து நின்றது.

வேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்துக்குத் தன் பிள்ளைகளைப் பற்றி மகா பெருமை. எத்தனை மாநிலம், எத்தனை நாடு, எத்தனை மொழி என்று வாசலிலேயே பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, பலகையில் இருப்பது நிஜம்தான். மெஸ்ஸில் ஐஸ்வாலிலிருந்து வந்தவன் சாம்பாரை மோந்து பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு எதிரில் தான்சானியாக்காரன் மூன்றாவது முறை ரசம் வாங்கிக் குடிப்பான். விஜயவாடாப் பையன்கள் வீட்டு ஊறுகாயைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். இந்தக் கூட்டத்தில், ஒரு மணி நேர பஸ் தூரத்து ஆம்பூரிலிருந்து வந்து இயந்திரப் பொறியியல் படிப்பவள் இஃப்ரா.

ஊர் பக்கம், ஆட்கள் பழக்கம், கடைக்காரரிடம் பேரம் பேசத் தமிழ் இருக்கிறது. அவள்தான் அங்கே ராணியாக இருந்திருக்க வேண்டும். இருந்தாள், சேர்ந்த முதல் மாதம் வரைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதி அறையில் உட்கார்ந்து அம்மியோடு, அதாவது அம்மாவோடு, போனில் பேசிக்கொண்டிருந்தாள். பிரியாணி கட்டிக் கொடுத்து அனுப்பட்டுமா என்று அம்மி கேட்டாள். "நக்கோ அம்மி, மேரெகு நக்கோ" என்றாள் இஃப்ரா. வேண்டாம், எனக்கு வேண்டாம். அவ்வளவுதான். எதிர்க் கட்டிலில் படுத்திருந்த வர்த்திகா எழுந்து உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

வர்த்திகாவுக்கு ஊர் லக்னோ. நல்ல பெண், அதையும் சொல்லிவிட வேண்டும். காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் அவள் கேட்டு வளர்ந்த உருது ஒன்று, ஆம்பூர் வீடுகளில் பேசும் உருது வேறொன்று. இங்கே வேண்டாம் என்றால் நக்கோ, ஆமாம் என்றால் ஹௌ, ஏன் என்றால் கைக்கு. பல தலைமுறையாகத் தமிழோடும் தெலுங்கோடும் ஒரே தெருவில் புழங்கிய பாஷை அது. அதன் இழுவையே தனி. வர்த்திகாவுக்கு அது சினிமாவில் காமெடியன் பேசுகிற பேச்சாகத்தான் காதில் விழுந்தது.

"இன்னொரு தடவை சொல்லேன்! நீங்க வீட்ல நிஜமாவே இப்படித்தான் பேசுவீங்களா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். சாயங்காலத்துக்குள் அந்த மாடி முழுக்க நக்கோ. டீ வேணுமா, நக்கோ. பரீட்சை எப்படி, நக்கோ. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கெட்ட எண்ணம் இருந்தால் சண்டையாவது போடலாம்.

இஃப்ராவுக்கு முகமெல்லாம் எரிந்தது. அப்போதுதான் அந்தப் பொய் வாயில் வந்தது. "அது எங்க பாஷை இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்க பேசுறது. நானும் அம்மாவும் விளையாட்டுக்கு அப்படிப் பேசிக்குவோம். நாங்க தமிழ் முஸ்லிம், வீட்ல தமிழ்தான்."

தமிழ் மட்டுமே பேசும் முஸ்லிம்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அதனால் பொய் கெட்டியாக நின்றது. லக்னோக்காரிக்கு என்ன தெரியும், ஐஸ்வால்காரனுக்கு என்ன தெரியும்? நம்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து இஃப்ரா அம்மியோடு போனில் தமிழில்தான் பேசினாள். அம்மியின் பெயர் சைரா; தமிழ் நன்றாகவே தெரியும், மீன்காரியிடமும் கரண்ட் ஆபீஸிலும் பேசுகிற தமிழ். பெற்ற பெண்ணோடு அதில் பேச நாக்கு வரவில்லை. "இன்னாடி, யாரோ மூணாம் மனுஷிகிட்ட பேசுற மாதிரி பேசுற?" என்று கேட்டாள். "இங்க எல்லாருக்கும் புரியணும் அம்மி" என்றாள் இவள். எல்லாரும் என்றால் யார்? அறையில் இருந்த வர்த்திகாவுக்கு அந்தத் தமிழில் ஒரு சொல்கூடப் புரியாது. அம்மி அதையெல்லாம் கேட்கவில்லை.

நான்காம் ஆண்டில் இறுதிப் புராஜெக்ட். இஃப்ரா, வர்த்திகா, ஐஸ்வால் பையன் ரின், தான்சானியாவிலிருந்து வந்த சலூம் என்று நாலு பேர் ஒரு குழு. ஷூ தைப்பதற்குத் தோலை வெட்டும் முன், அதில் இருக்கும் தழும்பு, பூச்சிக்கடி, ஓட்டையெல்லாம் எங்கே என்று கேமரா பார்த்து வெளிச்சப் புள்ளி வைத்துக் காட்டும். அப்படி ஒரு கருவி செய்யலாம் என்று முடிவு செய்தார்கள். யோசனை இஃப்ராவுடையது. செய்து பார்க்கத் தோல் வேண்டும், வெட்டும் மேஜை வேண்டும், ஒரு தொழிற்சாலை உள்ளே விட வேண்டும்.

"எங்க ஊர்ல தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரு. ஷூ கம்பெனியில கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர்" என்றாள் இஃப்ரா.

தெரிஞ்சவர்! அவள் அப்பா வக்கார் அகமதுதான் அந்தத் தெரிந்தவர்.

அப்பா என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லில் தகராறே இல்லை. உருதில் கூப்பிட்டாலும் தமிழில் கூப்பிட்டாலும் எழுதினால் அதே எழுத்துதான். ஆனால் அப்பா என்று சொன்னால், அவர் வாயைத் திறந்த மறு நிமிஷம் மூன்று வருஷத்துப் பொய் பல்லை இளிக்கும். அதனால் வீட்டில் அப்பாவிடம், "அவங்க வேற வேற ஊரு. நம்ம பேச்சு புரியாது, இங்கிலீஷ்லயே பேசுங்க" என்று மட்டும் சொல்லி வைத்தாள். அவர் தலையாட்டினார். மேனேஜரிடம் நடையாய் நடந்து அனுமதியும் வாங்கினார்.

வக்கார் அகமது ஒரு தனி ரகம். வேலை கட்டிங் மேஜையில், உயிர் கவிதையில். வாணியம்பாடியில் முஷாயிரா என்று உருதுக் கவியரங்கம் நடந்தால் கடைசிக் கவிஞர் ஓய்கிற வரைக்கும் உட்கார்ந்து 'வாஹ் வாஹ்' போட்டுவிட்டு, மறுநாள் தூங்கி வழிந்துகொண்டு வேலைக்குப் போவார். லக்னோ என்ற பெயரையே மரியாதையோடு சொல்வார். உருது பிறந்து வளர்ந்த வீடு என்பார். ஒரு நாளும் அந்த ஊருக்குப் போனதில்லை.

அப்படிப்பட்டவர் முன்னால் வர்த்திகா வந்து நின்று, தனக்கு லக்னோ என்று சொன்னால் என்ன ஆகும்? இங்கிலீஷ் எல்லாம் காற்றில் போயிற்று.

"லக்னோவா! ஆவ் மா ஆவ், அந்தர் ஆவ், தூப் ஜாஸ்தி ஹை!" உள்ளே வா, வெயில் ஜாஸ்தி என்று மனுஷர் கல்யாண வீட்டில் சம்பந்தியை வரவேற்பது மாதிரி வரவேற்றார். அவர்களைக் கட்டிங் செக்‌ஷனுக்குக் கூட்டிப் போனார். வர்த்திகா சூடான அச்சுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போனபோது பதறிப்போய், "ஹாத் நக்கோ லகாவ் பேட்டா, நக்கோ நக்கோ!" என்றார். கை வைக்காதே மகளே, வேண்டாம்.

வர்த்திகா உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் இஃப்ராவைத் தேடியது. உன் பக்கத்து வீட்டுப் பாஷை, பார்த்தாயா, என்கிற சிரிப்பு அதில் இருந்தது. "அங்கிள், இன்னொரு தடவை சொல்லுங்களேன்" என்று ஹிந்தியில் கேட்டாள். அவர் சொன்னார். மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னார். லக்னோப் பெண்ணுக்குத் தன் பேச்சு பிடித்துவிட்டது என்று அந்த மனுஷருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூட ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னார். ரின் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். சலூமுக்கு எதுவும் புரியாமல், எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தான்.

இஃப்ராவுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று வெட்கமா, அப்பாவை நினைத்து வெட்கமா என்று அப்போது அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இப்போது கேட்டால் தெரியும்.

அந்த நேரம் பார்த்து அவர் அவள் பக்கம் திரும்பினார். காலையில் விடுதியில் சாப்பிடாமல் கிளம்பியிருப்பாள் என்று அவருக்குத் தெரியும். எந்த அப்பாவும் கேட்பதைத்தான் கேட்டார். "இஃப்ரா, தூ கானா காயீ கி நை?"

சாப்பிட்டாயா இல்லையா என்று ஒரு கேள்வி. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வர்த்திகாவின் புருவம் மேலே ஏறியது.

"சார், எனக்கு ஹிந்தி தெரியாது" என்றாள் இஃப்ரா. "தமிழ்ல கேளுங்க சார்."

இதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை. பின்னாளில் அவளை வாட்டியது அதுதான். அவ்வளவு சரளமாக வந்தது.

வக்கார் அகமது ஒரு கணம் அவளையே பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண் மெல்ல வர்த்திகாவிடம் போய், ரின்னிடம் போய், திரும்பி வந்தது. அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. திரும்பத் திரும்பக் கேட்டது எதற்கு என்பதும்.

"சரிம்மா" என்றார். தமிழ்தான். "சாப்ட்டீங்களா?"

சாப்ட்டீங்களா! பெற்ற மகளுக்கு ஒரு 'ங்க'. "சாப்ட்டேன் சார்" என்றாள் அவள். சாப்பிடவில்லை.

மற்றவர்களுக்குச் சந்தேகம் வர வழியும் இல்லை. அவர்களுக்கெல்லாம் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் நீளமாக இருந்தது. இவள் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. அந்த எழுத்துக்குள் ஒரு ஆள் இருக்கிறார் என்று யாருக்குத் தோன்றும்? திரும்பும் வழியில் வர்த்திகா, "நக்கோ அங்கிள் எவ்ளோ ஸ்வீட்டா பேசுறாரு" என்றாள். பெயர் வைத்தாயிற்று. இஃப்ரா பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அந்த வாரம் வீட்டுக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. போனாள். அப்பா திட்டுவார், அழுது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அம்மிக்கு விஷயமே தெரியாது. கேமரா நன்றாக வேலை செய்கிறதா, இன்னும் தோல் துண்டு வேண்டுமா என்று கேட்டார். அதுவும் எப்போதும் பேசும் பாஷையில்தான். அப்பாடா, மறந்துவிட்டார் என்று இஃப்ரா மூச்சு விட்டாள்.

சாப்பாட்டில் அம்மி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கப் போனாள். அவர் கையை நீட்டி மறைத்தார். "நஹீன்... பஸ்" என்றார். வேண்டாம், போதும்.

அம்மியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. முப்பது வருஷமாக அந்த வீட்டில் சோறு வேண்டாம் என்றால் நக்கோதான். நஹீன் என்பது நியூஸ் வாசிக்கிறவர்கள் சொல்வது. "இன்னா ஆச்சு இவருக்கு? நாலஞ்சு நாளா இப்படித்தான்" என்று தன் பேச்சில் இஃப்ராவிடம் சொல்லிச் சிரித்தாள். "ஹௌன்னு சொல்ற வாயி ஹான் ஹான்னுது. போன்ல எந்நேரமும் லக்னோக்காரன் எவனோ பேசுறதக் கேட்டுக்குனு இருக்காரு. இந்த வயசுல துபாசி வேலைக்குப் போறாராம்!"

"பேச்ச கொஞ்சம் திருத்திக்கலாமேன்னுதான்" என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டு. "நாலு பேரு வர்ற எடம். நம்மால பசங்களுக்குத் தலகுனிவு வரக்கூடாதில்ல."

இஃப்ரா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். வெட்கம் என்றால் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. விடுதியில் முகம் எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அறுபதை நெருங்குகிற மனுஷர், தன் அம்மா கற்றுக்கொடுத்த பேச்சை, மகளுக்காக வாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். 'அப்பா, நான்தான் தப்பு' என்று சொல்ல வாயெடுத்தாள். அம்மி இருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். மறுநாள் காலையில் அவர் ஷிப்டுக்குப் போய்விட்டார்.

கண்காட்சி நாள் வந்தது. இறுதியாண்டுக் கருவிகளையெல்லாம் பெரிய அரங்கத்தில் வரிசையாக வைத்திருந்தார்கள். நடுவராக ராணிப்பேட்டையிலிருந்து தேவானந்தம் என்ற மூத்த பொறியாளர் வந்திருந்தார். தொழிற்சாலையில் நிஜமாகவே ஓட்டிப் பார்த்த கருவிக்கு மதிப்பெண் கூடும். அதற்குச் சாட்சி சொல்ல கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்தால் நல்லது என்று வர்த்திகாவே போன் செய்து நக்கோ அங்கிளை அழைத்துவிட்டாள். செய்துவிட்டுத்தான் இஃப்ராவிடம் சொன்னாள்.

அவர் வந்தார். ஈத் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். இஃப்ராவைப் பார்த்து, மற்றவர்களைப் பார்த்து வைத்த அதே அளவு வணக்கம் வைத்தார்.

வர்த்திகா ஓடிப் போய், "அங்கிள், டீ குடிப்பீங்களா?" என்று ஹிந்தியில் கேட்டாள். அந்த ஒரு சொல்லுக்காகவே கேட்டாள்.

"ஜீ நஹீன், ஷுக்ரியா" என்றார் வக்கார் அகமது. வேண்டாம், நன்றி. ஒவ்வொரு எழுத்தையும் தொட்டுத் தொட்டு, தப்பு வந்துவிடக் கூடாதே என்று பயந்து பேசுகிற பேச்சு.

வர்த்திகாவின் முகம் வாடிவிட்டது. "என்ன அங்கிள், நக்கோ எங்கே போச்சு?"

அவர் சிரித்தார். "அது எங்க தப்பான பேச்சு, பேட்டா" என்று அதே சுத்தமான உருதில் சொன்னார். "படிச்ச பிள்ளைங்க முன்னாடி பேசக்கூடாது."

தப்பான பேச்சு. அதைக் கேட்டதும் இஃப்ராவுக்குள் என்னவோ அறுந்தது. போதும். சிரித்தால் சிரிக்கட்டும், மார்க் போனால் போகட்டும், நாலு வருஷப் பொய் சந்தி சிரிக்கட்டும். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று நினைத்தாள்.

நடுவர் அவர்கள் மேஜைக்கு வந்தார். கருவியை ஓட்டிக் காட்டினார்கள். தோலில் வெளிச்சப் புள்ளிகள் விழுந்தன. கட்டிங் செக்‌ஷனில் வைத்து ஓட்டினோம், நன்றாக வேலை செய்தது என்று வக்கார் அகமது தமிழில் சொன்னார். தேவானந்தத்துக்குத் திருப்தி. "இந்தப் பசங்களுக்காக இவ்ளோ மெனக்கெட்டு வந்திருக்கீங்களே. எப்டி பழக்கம்?" என்று கேட்டார்.

வக்கார் அகமது வாயைத் திறப்பதற்குள் இஃப்ரா முந்திக்கொண்டாள்.

"இவரு எங்க அப்பா சார்."

சொல்லிவிட்டாள். சத்தமாகத்தான் சொன்னாள். எல்லோரும் திரும்பினார்கள். அப்பா என்ற சொல் மட்டும் புரிந்து வர்த்திகாவின் வாய் பாதி திறந்தது. நடுவர் பேனாவை நிறுத்தினார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை இஃப்ரா பார்த்தாள். பார்த்தேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

அப்புறம் அவர் கண் நடுவரின் பேனாவிடம் போனது. வர்த்திகாவிடம் போனது. அவருக்குப் பதற்றம். பெண் உளறிவிட்டாள், அவளை யாரும் ஒரு மாதிரி பார்த்துவிடக் கூடாது. அப்பன் இருக்கிற கம்பெனியில் அப்பன் தயவில் செய்த வேலை என்றும் யாரும் எழுதிவிடக் கூடாது. கடகடவென்று சிரித்தார்.

"அது ஒண்ணுமில்ல சார். நம்ம பக்கம் பெரியவங்கள மரியாதைக்கு அப்பான்னு கூப்புடறதுதான? கம்பெனிக்கு வந்து போய்ப் பழகின பாசம். நல்ல பொண்ணு சார்." வர்த்திகாவிடமும் அதையே உருதில் சொன்னார்.

நடுவரும் சிரித்தார். "அதானே பார்த்தேன். பாசக்காரப் பொண்ணு" என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார். வர்த்திகா இஃப்ராவின் தோளை அணைத்துக்கொண்டு, "எவ்ளோ ஸ்வீட் நீ" என்றாள்.

இல்லை சார், நிஜமாகவே இவர் என் அப்பா என்று இஃப்ரா இன்னொரு தடவை சொல்லலாம். சொன்னால் பொய்யர் ஆவது யார்? ஊர் பேர் தெரிந்த மனுஷர், ஈத் சட்டை போட்டுக்கொண்டு சாட்சி சொல்ல வந்தவர், இத்தனை பேர் முன்னால் பொய்யர் ஆவார். இத்தனை நாள் அவள் சுமந்த பொய்யை ஒரு நொடியில் வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நின்றார் அப்பா. திருப்பி வாங்க வழியில்லை.

அவர் எல்லோரிடமும் விடைபெற்று வெளியே நடந்தார். இஃப்ரா பின்னாலேயே ஓடினாள். வாசல் பலகைக்கு அந்தப் பக்கம், பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தாள். மூச்சு வாங்கியது. நாலு வருஷமாக அந்த வளாகத்தில் அவள் வாயில் வராத பேச்சு தானாக வந்தது.

"அப்பா, கைக்கு ஐசா போலே? நை அப்பா, மாஃப் கரோ... ஐசா நக்கோ அப்பா." ஏன் அப்படிச் சொன்னீங்க, மன்னிச்சுக்கோங்க, இப்படி வேண்டாம் அப்பா என்று அழுதுகொண்டே கெஞ்சினாள்.

வக்கார் அகமதுவின் கை அவள் தலையைத் தொட எழுந்தது. பாதியில் நின்றது. அவர் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வாசலில் வர்த்திகாவும் சலூமும் நின்று இந்தப் பக்கம் கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கையை இறக்கிக்கொண்டார். முகத்தில் கோபம் துளிக்கூட இல்லை. குரலைத் தாழ்த்தி, பதமாகச் சொன்னார்.

"உன் பிரண்ட்ஸ் பாக்குறாங்க பாரு. தமிழ்லயே பேசும்மா."